நான்கு வாய் கொண்ட சிறு பெட்டி: யு.எஸ்.பி. ஹப் பலகையைக் குறைந்த செலவில் அமைத்த கதை

மலர்க் குழுவினர் ஆண்டுதோறும் என்னிடம் கல்வெட்டு, ஊர்ப்பெயர், பழைய அளவைகள் என்று ஏதாவது ஒரு பொருளில் கட்டுரை கேட்பார்கள். நானும் எழுதிக் கொடுப்பேன். இம்முறை செயலாளர், "ஐயா, நாற்பது வருஷமா லாமிங்டன் ரோட்டில உட்கார்ந்து வியாபாரம் பண்றீங்க, அதப் பத்தி ஒரு வரிகூட எழுதினதில்லையே" என்று கேட்டுவிட்டார். நியாயமான கேள்வி. டாக்டர் தாதாசாகேப் பட்கம்கர் மார்க் என்பது அந்தத் தெருவின் முறையான பெயர். ஆனால் கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கி அப்படிக் கேட்டால் வழி சொல்ல ஆள் கிடைக்காது. அங்கே சாக்கெட்டு, கனெக்டர், கெப்பாசிட்டர் விற்பவன் நான். பொறியியல் படித்தவன் அல்லன். வந்தவாசிப் பக்கத்திலிருந்து பத்தாம் வகுப்போடு பம்பாய்க்கு வந்தவன். பொறியாளர்கள் இதைப் படித்தால் பிழை பொறுத்தருள்க.

2017-இல் எங்கள் பகுதியில் நடந்த மாலை நேரக் கணினி வகுப்புக்கு இருபது யு.எஸ்.பி. ஹப் கொடுத்தேன். லாபம் வைக்கவில்லை, அசல் விலை. அடாப்டரோடு வரும் வகை. மூன்றே மாதத்தில் இரண்டு கணினிகளின் யு.எஸ்.பி. வாய்கள் செத்துப் போயின. வகுப்பு நடத்திய ஆசிரியை நல்லவர், சண்டை போடவில்லை. "ஐயா, உங்க கடைப் பொருள்தானேன்னு நம்பி வாங்கினோம்" என்று மட்டும் சொன்னார். சண்டை போட்டிருந்தால் தூங்கியிருப்பேன். பழுதுபார்த்த செலவை நான் கொடுத்துவிட்டேன். ஆனால் பொருளில் என்ன கோளாறு என்று தெரியாமலேயே இத்தனை காலம் விற்றிருக்கிறேனே என்ற உறுத்தல் போகவில்லை. ஒரு ஹப்பை உடைத்து மேசைமேல் வைத்தேன். இக்கட்டுரை அங்கே தொடங்குகிறது.

முதலில் யு.எஸ்.பி. என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1996 ஜனவரியில் முதல் விதிநூல் வெளிவந்தது. இன்டெல் நிறுவனத்தில் இதற்கான வேலையை முன்னின்று நடத்தியவர்களுள் ஒருவர் அஜய் பட். பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 2000 ஏப்ரலில் வந்த 2.0 பதிப்புதான் இன்றும் விசைப்பலகை, மௌஸ், பென் டிரைவ் எல்லாவற்றுக்கும் அடிப்படை. அதில் மூன்று வேகங்கள்: நொடிக்கு 15 லட்சம் பிட், 1 கோடியே 20 லட்சம் பிட், 48 கோடி பிட். கம்பிகளோ நான்கே. சிவப்பில் 5 வோல்ட், கறுப்பில் கிரவுண்ட், பச்சையும் வெள்ளையும் செய்தி. செய்திக் கம்பிகளை டி பிளஸ், டி மைனஸ் என்பார்கள்.

ஹப்பின் வேலையை மும்பைக்காரர்களுக்கு விளக்குவது சுலபம். கணினியிலிருந்து ஹப் வரை ஓடுவது ஃபாஸ்ட் லோக்கல். மௌஸும் பழைய பிரிண்டரும் சின்ன ஸ்டேஷன்கள். அங்கே ஃபாஸ்ட் நிற்காது. ஹப்புக்குள் ஒரு தாதர் இருக்கிறது. ஃபாஸ்டில் வந்த செய்தி அங்கே இறங்கி ஸ்லோ வண்டிக்கு மாறும். விலை குறைந்த சிப்புகளில் இப்படி மாறுவதற்கு ஒரே ஒரு பிளாட்பாரம். விலை கூடியவற்றில் வாய்க்கு ஒன்று. மௌஸும் விசைப்பலகையும் மட்டும் என்றால் ஒன்றே போதும். ஆகவே முதல் சிக்கனத்தைத் தயங்காமல் செய்யலாம். தைவானின் டெர்மினஸ் நிறுவனத்து எஃப்.இ. 1.1 எஸ், ஜெனசிஸ் லாஜிக்கின் ஜி.எல். 850 ஜி ஆகிய இரண்டும் இந்த ஒரு பிளாட்பார வகை. ஒரு கட்டிங் சாயும் வடாபாவும் சாப்பிடுகிற காசில் எனக்கு முதல் சிப் கிடைத்தது. 5 வோல்ட்டை 3.3 ஆகவும் 1.8 ஆகவும் குறைக்கிற ரெகுலேட்டர் அதன் உள்ளேயே இருக்கிறது. நிரல் எழுத வேண்டியதில்லை. வெளியே வேண்டியது ஒரு 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல், ஒரு துல்லிய ரெசிஸ்டர், சில கெப்பாசிட்டர்கள், அவ்வளவுதான்.

அந்தத் துல்லிய ரெசிஸ்டரைப் பற்றி ஒரு சொல். எஃப்.இ. 1.1 எஸ்-க்கு 2.7 கிலோ ஓம், ஜி.எல். 850 ஜி-க்கு 680 ஓம், ஒரு சதவீத வகை. செய்திக் கம்பியில் எவ்வளவு மின்சாரம் தள்ளுவது என்பதைச் சிப் இதை வைத்துத்தான் அளக்கிறது. தராசுக்குப் படிக்கல் மாதிரி. ஒரு சதவீத ரெசிஸ்டருக்கும் ஐந்து சதவீத ரெசிஸ்டருக்கும் விலை வித்தியாசம் சில பைசா. அந்தப் பைசாவை மிச்சம் பிடித்த பலகைகளை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கிரிஸ்டலில் நிலைமை நேர்மாறு. விதி கேட்கும் துல்லியம் பத்து லட்சத்தில் 500 பங்கு. சாதாரணக் கிரிஸ்டலே 30 பங்குக்குள் நிற்கும். அதிக விலைக் கிரிஸ்டல் வாங்குவது வீண். அதன் இரு கால்களிலும் சரியான கெப்பாசிட்டர் போட்டு, சிப்பை ஒட்டி வைத்தால் போதும்.

இப்போது உடைத்த ஹப்புக்கு வருகிறேன். அடாப்டரிலிருந்து வரும் 5 வோல்ட்டும் கணினியிலிருந்து வரும் 5 வோல்ட்டும் ஒரே செம்புப் பட்டையில் நேராக இணைந்திருந்தன. நடுவில் தடுப்பு எதுவும் இல்லை. கணினியை அணைத்தாலும் அடாப்டரின் மின்சாரம் ஹப் வழியாக யு.எஸ்.பி. வாய்க்குள் பின்பக்கமாக நுழையும். அணைத்த கணினியில் விசைப்பலகை விளக்கு மினுக்குகிறது என்று அந்தப் பிள்ளைகள் வேடிக்கையாகச் சொன்னது பிறகுதான் எனக்கு உறைத்தது. அடாப்டர்களையும் அளந்து பார்த்தேன். ஒன்று 6 வோல்ட்டுக்கு மேல் தந்தது. அந்த மிகை அப்படியே கணினிக்குள் போயிருக்கிறது. தடுக்க வேண்டிய உறுப்புகள் இரண்டு: அடாப்டர் பக்கம் ஒரு ஷாட்கி டயோடு, கணினிப் பக்கம் ஒரு பி-சேனல் மாஸ்ஃபெட். அடாப்டர் செருகியதும் மாஸ்ஃபெட் கதவைச் சாத்திவிடும், எடுத்தால் திறக்கும். எல்லாம் சேர்த்து எட்டு ரூபாய்க்குள். மாஸ்ஃபெட் இருக்கும் இடத்திலும் ஒரு டயோடு போட்டால் இன்னும் மலிவுதானே என்று கேட்கலாம். டயோடு 0.3 வோல்ட் தின்னும். கணினி தருவது 4.75 வரை இறங்கலாம், கேபிளிலும் கொஞ்சம் போகும். ஹப்பின் வாயில் 4.40-க்குக் கீழே போகக் கூடாது என்பது விதி. கூட்டிக் கழித்தால் தேறாது. அடாப்டர் பக்கத்து டயோடுக்கு ஈடுகட்ட 5.2 வோல்ட் அடாப்டர் தேர்ந்தெடுத்தேன்.

இரண்டாவது குற்றம் இதைவிட நுட்பமானது. ஹப், தான் யார் என்று கணினியிடம் சொல்ல வேண்டும்: எனக்குச் சொந்த மின்சாரம் உண்டு, அல்லது உன்னிடம்தான் வாங்கிக்கொள்கிறேன் என்று. கணினியின் ஒரு வாய் தருவது 500 மில்லி ஆம்பியர். ஹப் தனக்கு 100 எடுத்துக்கொண்டால் மீதி 400, நான்கு வாய்க்கும் தலா 100. அடாப்டர் இல்லாத ஹப்புகள் பெரும்பாலும் நான்கு வாயோடு நிற்பதற்கு இந்தக் கணக்கே காரணம். 500 கேட்கும் ஹார்ட் டிஸ்க்கை அதில் செருகினால் கணினி மறுத்துவிட வேண்டும். சிப்பில் இதைத் தெரிவிக்க ஒரு கால் இருக்கிறது. நான் உடைத்த ஹப்பில் அந்தக் கால் எப்போதும் 'சொந்த மின்சாரம் உண்டு' என்றே சொல்லும்படி கட்டப்பட்டிருந்தது. அடாப்டர் இல்லாதபோதும் அதே சொல். கடைக்காரனாக எனக்குக் காரணம் உடனே புரிந்தது. உண்மை சொல்கிற ஹப்பில் "போதிய மின்சாரம் இல்லை" என்று திரையில் வரும்; வாடிக்கையாளர் திருப்பிக் கொண்டுவந்துவிடுவார். பொய் சொல்கிற ஹப் முதல் நாள் ஓடிவிடும்.

அப்போது என் அக்கா மகன் அந்தேரியில் ஒரு மின்னணுக் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். "மாமா, நாமே ஒரு போர்டு போட்டா என்ன? கிகாட் இலவசம்தானே" என்றான். கிகாட் என்பது 1992-இல் ஜான்-பியர் ஷராஸ் என்ற பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மென்பொருள். பின்னாளில் செர்ன் ஆய்வுக்கூடமும் இதற்குக் கைகொடுத்தது. எண்பதுகளில் பிசிபி படம் போடுவதை நான் பார்த்திருக்கிறேன். தெளிந்த தாளில் கறுப்பு டேப்பை ஒட்டி, இரண்டு மடங்கு பெரிதாகச் செய்து, கேமராவில் சுருக்குவார்கள். அந்த டேப்பை நானே விற்றிருக்கிறேன். அறுபதை நெருங்கும் வயதில் கிகாடில் கோடு இழுக்க ஆறு மாதம் பிடித்தது.

செலவு என்று பார்த்தால், பலகையில் முதலில் எழும் கேள்வி எத்தனை அடுக்கு என்பது. யு.எஸ்.பி. செய்திக் கம்பிகள் ஜோடியாக 90 ஓம் இம்பிடன்ஸ் காட்ட வேண்டும் என்று விதி. இந்த எண், கோட்டின் அகலத்தையும் அதற்குக் கீழே கிரவுண்ட் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதையும் பொறுத்தது. சாதாரண 1.6 மி.மீ. பலகையில் இரண்டே அடுக்கு என்றால் கிரவுண்ட் எங்கோ கீழே இருக்கும். தனிக் கோடு ஒன்று 50 ஓம் காட்டவே ஏறத்தாழ 3 மி.மீ. அகலம் வேண்டும். நான்கு அடுக்கில் கிரவுண்ட் 0.2 மி.மீ. ஆழத்துக்கு வந்துவிடுவதால் 0.35 மி.மீ. போதும். அதனால்தான் புத்தகங்கள் நான்கு அடுக்கு என்கின்றன. விலையோ ஏறிவிடும்.

இதற்கு இரண்டு மாற்று உண்டு. ஒன்று, பலகையை 1 மி.மீ. ஆக மெலிதாக்கி, ஜோடிக் கோடுகளை 0.8 மி.மீ. அகலத்தில் 0.15 மி.மீ. இடைவெளியில் நெருக்கி ஓட்டுவது. ஒன்றுக்கொன்று அருகில் இருப்பதாலேயே 90 ஓம் பக்கம் வந்துவிடும். மற்றது, கோட்டைச் சின்னதாக வைப்பது. 48 கோடி வேகத்துச் செய்தியின் ஏற்றம் அரை நானோ நொடிக்குக் குறையாது. அந்த நேரத்தில் பலகையின் மேல் மின்குறி சுமார் 8 செ.மீ. ஓடும். நம் கோடு 2 செ.மீ. மட்டும் என்றால், 90-க்குப் பதில் 100 இருந்தாலும் எதிரொலி அந்த ஏற்றத்துக்குள்ளேயே அடங்கிவிடும். நான் இரண்டையும் செய்தேன். சிப்பின் கால்கள் 0.635 மி.மீ. இடைவெளியில் இருப்பதால் 0.8 மி.மீ. கோடு அங்கே நுழையாது. கடைசிச் சில மில்லிமீட்டரில் ஒடுக்கிக்கொள்ள வேண்டும். பரவாயில்லை.

இரு கோடுகளும் ஒரே நீளமாக ஓட வேண்டும். எங்கள் ஊரில் இரட்டை மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு இது சொல்லாமலே தெரியும். ஒரு கம்பியில் ஏறும்போது மற்றதில் இறங்கும். பெறுகிறவன் இரண்டின் வித்தியாசத்தை மட்டும் பார்க்கிறான். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் சமமாக விழுவதால் கழிந்துபோகும். ஒரு மாடு முந்தி, ஒரு மாடு பிந்தினால் வண்டி கோணும்.

2019-இல் முதல் ஐம்பது பலகைகள் வந்தன. மௌஸ் ஓடியது, விசைப்பலகை ஓடியது, சின்னக் கோப்புகள் பென் டிரைவில் ஏறின. தெருவெல்லாம் காட்டினேன். மறுநாள் பெரிய படக் கோப்பு ஒன்றை நகலெடுத்தேன்; பாதியில் அறுந்தது. மறுபடி செய்தேன், மறுபடி அறுந்தது. கடையில் ஃபேன் சுவிட்சைப் போட்டால் கட்டாயம் அறுந்தது. கிரிஸ்டலை மாற்றினேன், சிப்பை மாற்றினேன், கேபிளை மாற்றினேன். ஒரு மாதம் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை வந்த அக்கா மகன் வெறும் பலகை ஒன்றை எடுத்து டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தான். எஃப்.ஆர்.4 பலகையில் செம்பு இல்லாத இடத்தில் வெளிச்சம் ஊடுருவும். குறுக்கே ஒரு பச்சைக் கோடு தெரிந்தது. "மாமா, கீழே கிரவுண்ட் அறுந்து கிடக்கு பாருங்க" என்றான்.

நான்தான் அறுத்திருந்தேன். 5 வோல்ட்டை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் கொண்டுபோகச் சுருக்கு வழியாகக் கீழடுக்கில் குறுக்கே இழுத்திருந்தேன். அதன் இருபுறமும் கிரவுண்ட் இரண்டாகப் பிளந்துவிட்டது. மேலே இரண்டு ஜோடிச் செய்திக் கோடுகள் அந்தப் பிளவைத் தாண்டிப் போயின. மின்சாரம் போனால் திரும்பி வர வேண்டும். வேகமான குறி என்றால் திரும்பும் மின்சாரம் கோட்டின் நேர் கீழேயே வர விரும்பும். பாதை அறுந்திருந்தால் அது சுற்றிக்கொண்டு வரும். அந்தச் சுற்று ஒரு ஆன்டெனா ஆகிவிடும். ஃபேனின் பொறி அதில்தான் விழுந்திருக்கிறது. பிளவின்மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டி, அதன்மேல் செம்புத் தகடு வைத்து இருபுறமும் கிரவுண்டில் பற்றவைத்தோம். அறுவது பெருமளவு நின்றது. ஆனால் ஐம்பது பலகைக்கும் தகடு ஒட்டி விற்க மனம் வரவில்லை. போட்ட பணம் போனதுதான்.

இரண்டாம் வடிவத்தில் 5 வோல்ட்டைப் பலகையின் ஓரமாகச் சுற்றிக் கொண்டுபோனேன். வழி நீளுமே, வோல்டேஜ் விழாதா என்று கவலைப்பட்டேன். இதற்கு ஓர் அழகான கணக்கு உண்டு. வழக்கமான 35 மைக்ரான் செம்பில் ஒரு சதுரத்துக்கு அரை மில்லி ஓம். சதுரம் பெரிதோ சிறிதோ, எதிர்ப்பு அதேதான். 50 மி.மீ. நீளம், கால் மி.மீ. அகலம் என்றால் 200 சதுரம், பத்தில் ஒரு ஓம். அரை ஆம்பியர் ஓடினால் 50 மில்லி வோல்ட் விழும். அதையே 2 மி.மீ. அகலமாக்கினால் 25 சதுரம்; விழுவது ஆறே மில்லி வோல்ட். அகலத்துக்குக் காசு கிடையாது. செம்பு ஏற்கெனவே பலகை முழுக்க இருக்கிறது, அரித்து எறிவதுதான் வேலை.

உண்மையான சேமிப்பு நான் எதிர்பாராத இடத்தில் வந்தது. பலகைத் தொழிற்சாலைகள் 100-க்கு 100 மி.மீ. அளவுக்குள் மிகவும் மலிவாகச் செய்கின்றன. என் முதல் பலகை 60-க்கு 25. ஒரு சதுரத்தில் நான்குதான் அடங்கும். அதை 48-க்கு 24 ஆகச் சுருக்கினால் எட்டு. நடுவில் வி-கட் போட்டு உடைத்துக்கொள்ளலாம். ஆனால் நான்கு சாக்கெட்டை வரிசையாக வைத்தால் 58 மி.மீ. வேண்டுமே? சாக்கெட் விற்பவனுக்கு இங்கேதான் தொழில் கைகொடுத்தது. மேலும் கீழுமாக இரண்டு வாய் கொண்ட ஜோடிச் சாக்கெட் இரண்டு போட்டேன், 30 மி.மீ.-இல் முடிந்தது. "டப்பா குண்டா இருக்கே சேட்" என்றார்கள் சிலர். இருக்கட்டும். உறுப்புகள் எல்லாம் ஒரே பக்கம், கெப்பாசிட்டர் மதிப்புகள் இரண்டு மூன்றே வகை. மெஷினில் ரீல் மாற்றும் கூலி அதனால் குறைந்தது.

கீழ்வாய்கள் இருக்கும் பக்கம் 120 மைக்ரோ ஃபாரடுக்குக் குறையாத கெப்பாசிட்டர் வேண்டும் என்று விதி. புதிதாக ஒன்றைச் செருகும்போது பக்கத்து வாயில் ஓடிக்கொண்டிருப்பது திடுக்கென்று நின்றுவிடாமல் இருக்க அது காவல். உடைத்த ஹப்பில் அதற்கு இடம் இருந்தது, உறுப்பு இல்லை. கணினியின் பக்கமோ 10 மைக்ரோ ஃபாரடுக்கு மேல் நேராகக் காட்டக் கூடாது என்று இன்னொரு விதி. இரண்டையும் நிறைவேற்ற மெதுவாகத் திறக்கும் கதவு ஒன்று வேண்டும். அதை நான் முழுமையாகச் செய்யவில்லை என்று ஒப்புக்கொள்கிறேன். மிகை மின்னோட்டக் காப்புக்கு ஒவ்வொரு வாயிலும் பாலிஃபியூஸ் வைத்தேன்.

பின்னர் டைப்-சி வந்தது. கணினிப் பக்கம் டைப்-சி சாக்கெட் வைத்தால் சி.சி. எனப்படும் இரண்டு கால்களுக்கும் தனித்தனியே 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட வேண்டும். ஒன்றே போதும் என்று சிலர் இரண்டையும் சேர்த்துவிடுகிறார்கள். 2019-இல் வெளிவந்த ராஸ்பெரி பை 4 பலகையிலேயே இந்தத் தவறு நேர்ந்து, சில கேபிள்களில் மின்சாரம் வராமல் போய், அடுத்த பதிப்பில் திருத்தினார்கள். பைசாப் பொருள்தான். கேம்பிரிட்ஜிலேயே தவறுகிறது என்று தெரிந்தபோது, என் பிளவுபட்ட கிரவுண்டுக்காக நான் பட்ட வெட்கம் கொஞ்சம் குறைந்தது.

2021-இல் வந்த இரண்டாம் பலகைகளில் இருபதைக் கணினி வகுப்புக்குக் கொடுத்தேன். ஓடின. மீதியைக் கடையில் வைத்தேன். அப்போதுதான் நான் பயந்தது நடந்தது. என் ஹப் உண்மை சொல்லும்படி கட்டப்பட்டது. அடாப்டர் இல்லாமல் ஹார்ட் டிஸ்க் போட்டவர்களுக்குத் திரையில் எச்சரிக்கை வந்தது. முதல் பன்னிரண்டில் ஐந்து திரும்பி வந்தன. "பக்கத்துக் கடை ஹப்புல இதெல்லாம் வரலையே" என்றார் ஒரு பழைய வாடிக்கையாளர். அந்தக் காலை மாற்றிக் கட்ட ஒரு சொட்டு ஈயம் போதும். இரண்டு நாள் சாலிடரிங் அயனைச் சூடாக்கி வைத்துக்கொண்டு யோசித்தேன், பொய் சொல்ல மாட்டேன். கடைசியில் கட்டவில்லை. "ஹார்ட் டிஸ்க் போடும்போது அடாப்டரையும் போடவும்" என்று இந்தியிலும் மராத்தியிலும் தமிழிலும் ஒரு சீட்டு அச்சடித்து டப்பாவுக்குள் வைத்தேன். திரும்பி வருவது குறைந்தது, நிற்கவில்லை.

உங்கள் வீட்டில் அடாப்டரோடு கூடிய ஹப் இருந்தால் நீங்களே சோதித்துக்கொள்ளலாம். அடாப்டரை ஹப்பில் செருகி மின்சாரம் கொடுங்கள். கணினிக்குப் போகும் கேபிளைக் கணினியில் செருகாதீர்கள். அந்தக் கேபிளின் தட்டையான முனையில் வரிசையாக நான்கு தகடுகள் இருக்கும். இரண்டு ஓரத் தகடுகளிலும் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். ஒன்றுக்கொன்று பட்டுவிடாமல் வையுங்கள். மீட்டர் 5 வோல்ட் காட்டினால், அந்த ஹப் பின்பக்கமாக மின்சாரம் தள்ளும் இனம். அடாப்டரைக் கழற்றிவிட்டு, மௌஸுக்கும் விசைப்பலகைக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மீட்டர் இல்லாதவர்கள் கடைக்குக் கொண்டுவரலாம், ஞாயிறு தவிர மற்ற நாட்களில் மதியம் மூன்றுக்கு மேல். ஒரு நிமிஷ வேலை, காசு வேண்டாம்.